வேலை கேட்டவரிடம் கேட்டவை

பெயர், பிறந்த தேதி, படிப்பு, முகவரி. இந்த நான்கு வரை யாருடைய பேனாவும் தயங்கி நான் பார்த்ததில்லை. அதற்குக் கீழேதான் நிற்கும். சிலருக்கு ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்ற இடத்தில், சிலருக்குச் சாதி கேட்கும் இடத்தில். ‘உம் மீது வழக்கு ஏதும் உண்டா’ என்ற வரிக்கு வந்ததும் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

விழுப்புரத்தில் நான் தட்டச்சுப் பயிலகம் நடத்தினேன். காலையிலும் மாலையிலும் லோயர், ஹையர் படிக்கும் பிள்ளைகள். நடுப்பகலில் ஜாப் டைப்பிங். அந்தக் காலத்தில் பாதி வேலைகளுக்கு அச்சடித்த படிவமே கிடையாது. பத்திரிகை விளம்பரத்தில் மாதிரி கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்து முழுத்தாளில் அப்படியே அடித்து, போட்டோ ஒட்டி, போஸ்டல் ஆர்டர் இணைத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் என் விரலால் அடித்திருக்கிறேன். கேள்வியை நான் அடிப்பேன், பதிலைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் மெதுவான குரலில் சொல்வார். அதனால்தான் இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன, எவை போயின, யாரால் போயின என்று தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. தீர்ப்புகள், பழைய அரசாணைகள் பற்றிய புத்தகங்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

சாதியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் நம் ஊரில் மூத்த கேள்வி. 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம், மதத்தையோ பிறந்த இடத்தையோ குலத்தையோ நிறத்தையோ மட்டும் காரணம் காட்டி இந்தியர் எவருக்கும் கம்பெனியின் பதவி மறுக்கப்படாது என்றது. காகிதத்தில் நல்ல வாக்கியம். சென்னை மாகாண அலுவலகங்களிலோ ஒரு சில குடும்பங்களே மேசைக்கு மேசை உட்கார்ந்திருந்தன. 1854-இல் வருவாய் வாரியத்தின் நிலையாணை ஒன்று, மாவட்டத்தின் முக்கியப் பதவிகளைப் பல சாதியாருக்கும் பகிர்ந்து கொடுக்கும்படி கலெக்டர்களுக்குச் சொன்னது. ஆணை கிடந்தது, அலுவலகம் மாறவில்லை. யார் எத்தனை பேர் என்று எண்ணிக் கேட்கிறவர் இல்லாததே காரணம்.

எண்ணத் தொடங்கியது நீதிக்கட்சி ஆட்சியில். 1921 செப்டம்பரில் வந்த முதல் வகுப்புவாரி அரசாணை, புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் எந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்ற பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி அலுவலகத் தலைவர்களைக் கேட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு ஆணை. ஆனாலும் இது உண்மையில் நடைமுறைக்கு வந்தது சுப்பராயன் அமைச்சரவையில் எஸ்.முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான், 1920-களின் கடைசியில். பன்னிரண்டு இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர்களுக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ-இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து இரண்டு, ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று. இந்தியாவின் முதல் மாகாணத் தேர்வாணையமும் இங்கேதான் அமைந்தது, 1929-இல். சாதி கேட்கும் வரி விண்ணப்பத்தில் நிலையாக உட்கார்ந்தது இந்தக் காலத்தில்தான்.

அது எதிர்ப்பில்லாமல் நிற்கவில்லை. 1949 டிசம்பரில் மாவட்ட முன்சீப் பதவிகள் 83-க்குச் சென்னைத் தேர்வாணையம் விண்ணப்பம் கேட்டது. இடங்கள் வகுப்புவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வெங்கட்டரமணா என்ற விண்ணப்பதாரர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1951-இல் நீதிமன்றம், ஹரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது அரசமைப்புச் சட்டத்தின் 16(4)-க்குள் வரும், மற்ற பிரிவுகளுக்குச் செய்த பங்கீடு செல்லாது என்றது. அதே ஆண்டு கல்லூரி இடங்கள் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கும் வந்து, அதன் பின்விளைவாக அரசமைப்பின் முதல் திருத்தமே வந்தது நமக்குத் தெரிந்த கதை.

சாதி கேட்கும் அந்த வரியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதை அடிக்கும்போது பக்கத்து ஸ்டூலில் இருந்த பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்குக் கேட்கும். குனிந்த தலையையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த வரி அவனை உள்ளே அழைத்துப்போகக் கேட்கப்பட்டது. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அரசாணையில் எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை இடம் என்பது அச்சில் இருக்கிறது, சாதிச் சான்றிதழைப் பார்ப்பவர் யார் என்பதும் தெரியும். பதில் சொன்னவனுக்கு அந்தப் பதிலால் ஒரு உரிமை கிடைக்கிறது.

இதே கேள்வியைத் தனியார் நேர்முகத்தில் கேட்கும்போது இந்த மூன்றில் எதுவும் இல்லை. நேராகக் கேட்க மாட்டார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. அந்த வழக்கம் பரவியதில், நம் பிள்ளைகளின் பெயரைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, முன்னால் ஒரு இனிஷியல் மட்டும்தான். ஆகவே கேள்வி சுற்றி வரும். சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது? வீட்டில் கறி சமைப்பீர்களா? என் பயிலகத்தில் படித்து நல்ல வேகத்தில் ஹையர் தேறிய ஒரு பெண், ஒரு கடையின் கணக்கு வேலைக்குப் போய் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தாள். டைப்பிங் டெஸ்ட் வைக்கவே இல்லை என்றாள்.

வடக்கில் பெயரே சாதியைச் சொல்லிவிடும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நடத்திய ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. ஒரே தகுதி, ஒரே படிப்பு, பெயர் மட்டும் வேறு வேறாக 4,808 விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு வந்த அழைப்பு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அந்த அளவில் வரவில்லை. அங்கே கேள்வியே தேவைப்படவில்லை, முதல் வரியிலேயே பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது கல்யாணம். ஆண்களும் இந்த இடத்தை நிரப்புவார்கள், ஆனால் அவர்கள் யோசித்து நான் பார்த்ததில்லை. பெண்ணுக்கு அது அப்படியல்ல என்பதை அரசாங்கமே ஆணையாகத் தந்திருக்கிறது. 1951-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்த அன்னா ராஜம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி, நம் சென்னை மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தவர். நேர்முகக் குழு அவரை வெளியுறவுப் பணிக்கோ மத்தியப் பணிக்கோ போகச் சொல்லிப் பார்த்தது, அவையே பெண்களுக்கு ஏற்றவை என்று. அவர் விடவில்லை. அவருக்கு வந்த நியமன ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்தது. அந்த விதி பின்னர் மாறியது. குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் முடித்திருந்த அவரைச் சப்-கலெக்டராக அனுப்பத் தயங்கி, தலைமைச் செயலகத்திலேயே இடம் தர முதலில் முன்வந்தார் முதலமைச்சர் ராஜாஜி. அன்னா ராஜம் வாதாடி ஓசூருக்குப் போனார்.

அவருக்கு முன்பே, 1949-இல், வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர் குடகைச் சேர்ந்த சி.பி.முத்தம்மா. சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். திருமணம் செய்தால் ராஜினாமா செய்வேன் என்று சேரும்போதே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணியின் 1961-ஆம் ஆண்டு விதிகளிலும் இந்த எண்ணம் அப்படியே இருந்தது: பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம், திருமணமான பெண்ணுக்குப் பணியில் சேரும் உரிமை கிடையாது. தூதராகப் பணியாற்றிய பிறகும் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. ஒரு விதி நீக்கப்பட்டுவிட்டது, மற்றது நீக்கப்படும் என்று அரசு தெரிவித்தது. ஆகவே மனு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1979-இல் எழுதிய அந்தச் சிறிய தீர்ப்பு விதிகளைச் சும்மா விடவில்லை. குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடையாகும் என்றால் அது ஆணுக்கும் ஆகுமே, அவனிடம் ஏன் கேட்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த வாதம் தொழிற்சாலைப் பெண்களுக்காக அதற்கு முன்பே நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயில் மருந்து நிறுவனம் ஒன்றில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலைசெய்த பெண்கள், திருமணமானதும் வேலையை இழக்கும் விதி இருந்தது. கல்யாணமானவர்கள் அதிகம் லீவு போடுவார்கள் என்றது நிறுவனம். பம்பாய் லேபர் யூனியன் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றது. 1960-களின் நடுவில் வந்த தீர்ப்பு அந்த விதியை எடுத்துவிடச் சொன்னது. கல்யாணமாகாத பெண்ணையும் விதவையையும்விடக் கல்யாணமானவள் அதிகமாக வராமலிருப்பாள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. தூதர்களின் வழக்கை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிய பெண்களின் வழக்குக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்பது எனக்கு மனக்குறை.

கணவர் பெயர் என்ற வரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். “அவரு எங்க இருக்காருன்னே தெரியாது டீச்சர், பேரு எழுதணுமா?” என்று கேட்ட பெண்களுக்கு நான் அப்பா பெயரை அடித்துக் கொடுத்தேன். வரியே ‘தந்தை அல்லது கணவர்’ என்றுதான் இருந்தது, அந்த ‘அல்லது’ அவர்களுக்கானது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் கணவரை இழந்த பெண்ணிடம் அந்த இடத்தில் எதையும் மறைக்க வேண்டாம் என்று சொல்வேன். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீதம். அதற்குள்ளே ஆதரவற்ற விதவைகளுக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. அதற்கான சான்றிதழைச் சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. தர வேண்டும். அதை வாங்க, வருமானம் எவ்வளவு, மறுமணம் ஆனதா, யார் ஆதரவில் இருக்கிறாய் என்று கிராம நிர்வாக அலுவலரிலிருந்து ஒவ்வொருவரும் கேட்பார்கள். வலிக்கும் கேள்விகள்தான். ஆனாலும் வேலைக்கு வழி திறக்கும் கேள்விகள். கேட்பவர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் பாதி வலி குறையும். வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழக் கேட்கிறார்களே, அதற்கு எந்த அரசாணையும் காரணமில்லை.

இப்போது இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய இடத்துக்கு வருகிறேன். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்த ஒரு பெண், எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தேறி, 1989 மே மாதம் ஒரு உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். வழக்கு அவர் பெயராலேயே, நீரா மாத்தூர் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. படிவத்தில் திருமணம், கணவர் பெயர், குழந்தைகள் எண்ணிக்கை எல்லாம் கேட்டுவிட்டு அதன் பிறகு இப்படிப் போனது: மாதவிலக்கு ஒழுங்காகவும் வலியில்லாமலும் வருகிறதா? எத்தனை முறை கருத்தரித்தீர்கள், அவற்றில் எத்தனை நிறைமாதம் வரை சென்றன? கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன? இப்போது கர்ப்பமா? கடைசிப் பிரசவம் எப்போது? கருச்சிதைவோ கருக்கலைப்போ நேர்ந்ததுண்டா?

இவை ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த கேள்விகள் அல்ல. அலுவலக உதவியாளர் வேலைக்கு, ஃபைல் கட்டும் வேலைக்கு, கேட்ட கேள்விகள். பதில் எழுதிய தாள் மருத்துவரின் அலமாரிக்குப் போகவில்லை, பணியாளர் கோப்புக்குப் போனது. அதை எத்தனை கிளார்க்குகள் திருப்பியிருப்பார்கள்.

அன்றைக்கே கழகத்தின் பட்டியலில் இருந்த பெண் மருத்துவர் பரிசோதித்து, உடல் தகுதி உண்டு என்று சொல்லிவிட்டார். செப்டம்பரில் நியமன ஆணை, ஆறு மாதத் தகுதிகாண் பருவம். டிசம்பரில் பேறுகால விடுப்பு கேட்டார், ஜனவரியில் குழந்தை பிறந்தது. 1990 பிப்ரவரியில் வேலை போய்விட்டது. நீக்க ஆணையில் காரணம் ஒன்றும் எழுதவில்லை. நீதிமன்றத்தில்தான் கழகம் காரணத்தைச் சொன்னது: படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாக எழுதிவிட்டார், ஆஸ்பத்திரிச் சான்றில் வேறு தேதி இருக்கிறது. அந்த இரண்டு தேதிகளும் தீர்ப்பில் அச்சாகியிருக்கின்றன. நான் இங்கே எழுதப் போவதில்லை.

1991 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழகத்தின் மருத்துவரே தகுதியானவர் என்று சான்று தந்த பிறகு, இந்தக் காரணத்துக்காக நீக்கியது செல்லாது. அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பெண்ணின் வழக்காக முடிந்திருக்கும். நீதிபதிகள் படிவத்தையே கையில் எடுத்தார்கள். உண்மையான கேடு இந்த உறுதிமொழியின் தன்மையில்தான் இருக்கிறது என்றார்கள். மாதவிலக்கும் கருத்தரிப்பும் பற்றிய அந்தக் கேள்விகள் கூச வைப்பவை, அவமானப்படுத்துபவை என்றே சொல்லலாம். சுயமரியாதையும் நாணமும் உள்ள பெண் அவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குவாள் என்று எழுதி, அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்து நீக்கிவிடுவது நல்லது என்று கழகத்துக்குச் சொன்னார்கள்.

நான் இந்தத் தீர்ப்பைப் பற்றி முதலில் ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லக் கேட்டேன். அதற்கு முன் இதே மாதிரிக் கேள்விகள் உள்ள ஒரு படிவம் என் பயிலகத்துக்கும் வந்திருக்கிறது, வேறொரு நிறுவனத்தினுடையது. கொண்டுவந்த பெண் தன் அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள். அம்மா காதில் சொல்ல, மகள் எழுதினாள். வேலையில் சேரும் முதல் நாள் அந்தத் தாளைத் தான் ஒரு ஆணிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் தாளை நான்காக மடித்து வேறு சான்றிதழ்களுக்கு நடுவே வைத்தாள்.

உடம்பு பற்றிய கேள்விகளில் இன்னொன்று எச்.ஐ.வி. இந்தியாவில் அந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் நம் சென்னையில். மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. வந்த வேகத்தில் பயமும் வந்தது, வேலைக்கு முன் ரத்தப் பரிசோதனையும் வந்தது. 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், பொதுத்துறை நிறுவனத்தின் தற்காலிகத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், வேலைசெய்யத் தெம்பு இருக்கிறது, பிறருக்கு ஆபத்தும் இல்லை என்றால் இதைக் காரணமாக்கி ஒதுக்கக் கூடாது என்றது. அவர் பெயரை வெளியிடாமல் எழுத்துகளால் மட்டும் குறித்தே வழக்கு நடந்தது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், வேலை பெறுவதற்கு இந்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

வழக்கு உண்டா என்ற வரிக்கு வருகிறேன். பையன்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். ஊர்த் திருவிழாவில் கைகலப்பு, வரப்புத் தகராறில் அப்பா பெயரோடு சேர்த்து எழுதப்பட்ட பெயர், சாலை மறியல். “அது ராசியாப் போச்சு டீச்சர், இல்லைன்னு போட்ருவோம்” என்பார்கள். போடவே கூடாது என்பேன். காவல்துறை சரிபார்ப்பில் அது வெளியே வரும். வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாக நிற்கும்.

சந்தீப் குமார் என்பவர் 1999-இல் டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்தபோது நடந்ததும் இதுதான். இருபது வயதில் வீட்டில் குடியிருந்தவரோடு நடந்த சண்டை, வழக்கு, பிறகு சமரசம். விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று எழுதினார். தேர்வான பின் நிரப்பிய சரிபார்ப்புப் படிவத்தில் தானே உண்மையைச் சொன்னார். வேலை தர மறுத்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர், இளம் வயதுத் தவறை வாழ்நாள் முத்திரையாக்கக் கூடாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் என்று துரத்தப்பட்ட ழான் வால்ழானை அந்தத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்து, நாகையா நடித்து ‘ஏழை படும் பாடு’ என்று 1950-இல் படமாகவும் வந்ததே, அதே கதை.

வெவ்வேறு தீர்ப்புகள் வெவ்வேறு திசையில் போனதால், 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து வரையறை செய்தார்கள். விண்ணப்பதாரர் உண்மையைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொன்னார்கள், அதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: படிவம் குறிப்பாகக் கேட்டதைத்தான் விண்ணப்பதாரர் சொல்லியாக வேண்டும்; தெளிவில்லாமல் கேட்டுவிட்டு, பதிலில் குறை கண்டு தண்டிக்க முடியாது. ‘தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்டால் அது வேறு, ‘வழக்கு நிலுவையில் உண்டா’ என்றால் வேறு, ‘எப்போதாவது கைதானதுண்டா’ என்பது வேறு. என் பையன்கள் மூன்றையும் ஒன்றாகவே படித்தார்கள். மூன்றுக்கும் நடுவே விரலை வைத்துப் படித்துக் காட்டுவதுதான் நான் செய்த பெரிய வேலை.

கட்சி பற்றிய கேள்வி படிவத்தில் இருக்காது, சரிபார்ப்பு அறிக்கையில் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஆசிரியர், அரசுப் பணிக்கு வருமுன் ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்கெடுத்தார் என்று போலீஸ் அறிக்கை வந்து வேலையிழந்தார். 1983-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதை ஏற்கவில்லை. அந்த அமைப்புகளின் கொள்கை எனக்கு ஒவ்வாது. அந்தத் தீர்ப்பு எனக்கு முழுக்க ஒப்பும்.

கேட்டதால் வந்த துன்பத்தையே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்காததால் வந்ததும் உண்டு. 2015-இல் சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாசினி சப்-இன்ஸ்பெக்டர் பணிக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே தேர்வுகள். திருநங்கையான அவருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டது. திருநங்கையருக்கு நல வாரியம் 2008-லேயே அமைத்த மாநிலம் இது. மூன்றாம் பாலினத்தை ஏற்க வேண்டும் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டிருந்தது. ஆனாலும் படிவத்தில் இடமில்லை. எழுத்துத் தேர்வுக்கு நீதிமன்றம், அடுத்த கட்டத்துக்கு மறுபடி நீதிமன்றம் என்று அவர் படியேறினார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அடுத்த தேர்வு அறிவிப்பிலாவது மூன்றாம் பாலினத்தைத் தனிப் பிரிவாகச் சேர்க்கச் சொன்னது. 2017-இல் அவர் காக்கிச் சட்டை போட்டார். சாதிக்கு எந்த நியாயமோ அதே நியாயம் இதற்கும். உள்ளே விடுவதற்காகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருப்பதும் வெளியே நிறுத்துவதுதான்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது. இந்தப் பதில் எந்த இடத்துக்கு, எந்த ஆணைக்காகக் கேட்கப்படுகிறது என்று படிவமே சொல்கிறதா? சொன்னால் மறைக்காமல் எழுது. சொல்லாவிட்டால் வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மரியாதையாகக் கேள், முடிந்தால் எழுத்தில். பொருந்தாத இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுது, வெறுமனே விடாதே. உடம்பு பற்றியது என்றால், மருத்துவரிடம் சொல்கிறேன் என்று சொல். பொய் மட்டும் எழுதாதே. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கேட்பவர் அதன் நோக்கத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் பணி தொடர்பான காரியங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்தவும் இடம் தருகிறது. வேலை தேடுபவர்தான் யாரையும்விடப் பயந்த நிலையில் தன் விவரங்களைக் கொடுப்பவர். அவருக்குத்தான் இந்தச் சட்டம் முதலில் துணை நிற்க வேண்டும், இந்த விலக்கை நான் ஏற்கவில்லை.

1991 தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2021 டிசம்பர் 31 தேதியிட்ட சுற்றறிக்கையில் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண் தற்காலிகமாகத் தகுதியற்றவர், பிரசவமான நான்கு மாதத்துக்குள் சேரலாம் என்றது. பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. ஒரு மாதத்துக்குள் அதை நிறுத்திவைத்தது வங்கி. எழுத்தில் இருந்ததால் எதிர்க்க முடிந்தது.

எழுத்தில் இல்லாதபோது? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை பற்றி எழுதியது. வேலை தேடி வந்த இரண்டு சகோதரிகளிடம் வாசலில் நின்ற காவலாளி, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்றது செய்தி. திருமணமான பெண்களை அங்கே சேர்ப்பதில்லை என்று பலர் சொன்னதாகவும் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஆள் சேர்ப்பில் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்ற 1976-ஆம் ஆண்டுச் சமஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது.

எங்கள் பக்கத்திலிருந்தும் அந்த ஆலைகளுக்குப் பெண்கள் பஸ்ஸில் போகிறார்கள். தாலியைச் சுடிதாருக்குள் போட்டுக்கொள், மெட்டியைக் கழற்றிவிடு என்று ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்காரர் சொல்லித்தான் கூட்டிப்போகிறார் என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: யார் கேட்டார், எந்த வாசலில், என்ன வார்த்தையில் என்று அன்று ராத்திரியே தேதி போட்டு எழுதி வையுங்கள், கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஆண்டு நவம்பரில் அதே செய்தி நிறுவனம் இன்னொன்று எழுதியது. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் வயது, பால், திருமணம் பற்றிய வரிகள் இனி இருக்கக் கூடாது என்று ஏஜென்சிகளிடம் ஃபாக்ஸ்கான் சொல்லிவிட்டதாம். விளம்பரத்திலிருந்து வரி போய்விட்டது. வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார்களா என்று, அங்கே போய்வரும் பெண்களிடம்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.